தண்ணீருக்கும் ஒரு டியூப்

“நல்லாப் படிச்ச பொண்ணா நீ? அப்ப எனக்கு பயமாக்கீது.”

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், என் மதிப்பெண் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அங்கே எனக்கு மூத்தவரான அக்கா சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அப்பா திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். தாலுகா அலுவலகத்தில் வாங்கிய என் முதல் பட்டதாரிச் சான்றிதழை அம்மா லேமினேட் செய்து சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். நுண்ணுயிரியலில் முதுகலை, முதல் வகுப்பு, செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண். அந்தப் பட்டியலைப் பார்த்துப் பயமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்?

“ஏன்க்கா?” என்றேன். குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்துதான் இருந்திருக்கும்.

“நல்லாப் படிச்சவங்களுக்கு விடை வந்தே ஆவணும். வரலன்னா வரவெச்சிடுவாங்க.”

அவ்வளவுதான். பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு ஆட்டோவில் வீடு திரும்பும்போது, ஆறு மாதத்துக்குள் இந்தப் பெண்ணின் வாயை அடைக்கிறேன் என்று மனசுக்குள் சபதம் போட்டேன். அந்தச் சபதம் என்ன ஆனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பும் ஒரு சந்தில், யாரோ வார இறுதிக்காகக் கட்டி, பிறகு வாடகைக்கு விட்ட வீடு. அதில்தான் எங்கள் பரிசோதனைக்கூடம். கடலோர ஹேச்சரிகளில் பொரிக்கும் இறால் குஞ்சுகளை வளர்ப்புக் குட்டைகளுக்கு அனுப்பும் முன்பு, அவற்றுக்கு வெள்ளைப்புள்ளி வைரஸ் இல்லை என்று ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளை நாங்கள் கொடுத்தோம். வைரஸ் உள்ள குஞ்சு தெரியாமல் போய்விட்டால், சில நாளில் குட்டையே செத்து மிதக்கும். அந்தத் தாளை நம்பி ஒரு குடும்பம் குட்டைக்குத் தண்ணீர் விட்டுக் காத்திருக்கும்.

கூடத்தை நடத்தியவரை நாங்கள் சார் என்போம். முன்பு கல்லூரியில் பாடம் நடத்தியவர். பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும்போது அவருடைய பரிந்துரைக் கடிதம் எடுபடும் என்று ஒரு பேச்சு இருந்தது. அதற்காகவே என்னைப் போன்ற பிள்ளைகள் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று அங்கே உழைத்தோம். எனக்கு வேண்டியதும் அந்தக் கடிதம்தான். கடிதம் இருந்தால் நேர்முகத் தேர்வு. நேர்முகத் தேர்வு முடிந்தால் ஆராய்ச்சி. என் வீட்டுக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவே அந்த ஒரு தாள் இருப்பதாக நான் நம்பினேன்.

அக்காவுக்குக் கடிதம் எதுவும் தேவையில்லை. முப்பது வயதைத் தாண்டியவர். அச்சரப்பாக்கத்துப் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். பி.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டு, வருடத்துக்கு வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் அதே மேசையில் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. திமிர் பிடித்தவள் என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு டியூப்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குஞ்சை அரைத்து, அதிலிருந்து எடுத்த சாரத்தை விரல்நுனி அளவு டியூபில் விட்டு, பிசிஆர் இயந்திரத்தில் வைப்போம். வைரஸின் தடம் கடுகளவு இருந்தாலும் இயந்திரம் அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிவிடும். பிறகு டியூபைத் திறந்து, உள்ளே இருப்பதை ஜெல் என்கிற கெட்டிப் பாகில் ஓடவிட்டு, புற ஊதா விளக்கில் பார்த்தால் கோடு எரியும். எரிந்தால் நோய். இருட்டாக இருந்தால் இல்லை.

இவ்வளவு பெருக்குகிற இயந்திரத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. பெருக்கி முடித்த டியூபிலிருந்து ஒரு தூசு பறந்து புது டியூபில் விழுந்தால் போதும், நல்ல குஞ்சும் நோய்க் குஞ்சாகத் தெரியும். அதனால்தான் எங்களுக்கு மூன்று தனி அறைகள். மூன்றாவதான ஜெல் அறைக்குள் போன எதுவும் முதல் இரண்டு அறைகளுக்குத் திரும்பக் கூடாது. ஒவ்வொரு தடவையும் குஞ்சுகளோடு சேர்த்து, குஞ்சே இல்லாத ஒரு டியூபையும் ஓட்ட வேண்டும். அதில் மருந்துகளோடு வெறும் தண்ணீர்தான் இருக்கும். அது இருட்டாக இருந்தால்தான் மற்ற டியூப்கள் சொல்வதை நம்பலாம்.

இதெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. நானும் படித்து, எழுதி, மதிப்பெண் வாங்கியதுதான். ஆனால் தண்ணீர் டியூபை வாழ்க்கை முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைந்த ஒரே ஆள் அக்கா.

ஒருநாள் ஹேச்சரி மேலாளர் ஒருவர் புதிதாக ஒரு சத்துப் பவுடர் பொட்டலத்தோடு வந்தார்.

“மேடம், இத்த போட்டதுலேர்ந்து ஒரு குஞ்சு சாவல. சூப்பரா கீது.”

“போடாத தொட்டில எத்தினி செத்துது?”

“எல்லாத் தொட்டிலயும் போட்டுட்டோமே மேடம்.”

“அப்ப உனுக்கு ஒண்ணியும் தெரியாது அண்ணாத்த.”

“இன்னா மேடம், கண்ணால பாத்துகினு கீறேன்றேன்…”

“நானுந்தான் தெனம் பல்லு வெளக்குனப்புறம் சூரியன் வர்றத பாக்கறேன். நா வெளக்கலன்னா வராதா?”

மேலாளர் சிரிக்கவில்லை. நானும் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்த்தான் சிரித்தேன்.

அக்காவைப் பெண் பார்க்க வந்து போனவர்கள் வேண்டாம் என்று சொல்லியனுப்பிய அன்றும் அப்படித்தான். அவருடைய சித்தி போனில் அழுவது எனக்கே கேட்டது. வேலைக்குப் போகிற பெண் என்பதால்தான் தட்டிப்போச்சு என்று சித்திக்குக் கவலை. அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “வேலைக்கே போவாத என் தங்கச்சியயும் அவுங்கதான போன வருசம் வேணான்னாங்க? அப்ப என் வேல காரணம் இல்ல சித்தி. அவுங்கதான் காரணம்.”

அவர் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்க முனைந்தவர் அல்லர். தன் சோதனை ஓட்டம் கெடாமல் இருக்க என்னைக் கண்காணித்தார், அவ்வளவுதான். இரண்டாவது வாரம் என் கையைச் சோதித்தார். பிப்பெட் என்கிற அளவு உறிஞ்சியில் நூறு மைக்ரோலிட்டர் தண்ணீர் எடுத்துத் தராசில் விட வேண்டும். நூறு மில்லிகிராம் காட்ட வேண்டும். பத்து தடவை.

ஆறு தடவை ஒழுங்காகச் செய்தேன். ஏழாவது தொண்ணூற்றொன்று காட்டியது. எனக்கு அது பிடிக்கவில்லை. கல்லூரியில் எங்களுக்குப் பழகிய வழி ஒன்று இருந்தது. வேதியியல் செய்முறைத் தேர்வில் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருப்போம். ஆய்வக உதவியாளர் அண்ணன் பக்கத்தில் வந்து, காற்றுக்குச் சொல்வதுபோல, “பன்னண்டு புள்ளி நாலு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். நாங்கள் விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு மூன்று ரீடிங்கையும் எழுதிவிடுவோம். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. ரீடிங் வரவைப்பது என்றுதான் அதற்குப் பெயர். என் முழு மதிப்பெண் அப்படி வந்ததுதான்.

ஏழாவதை அடித்துவிட்டு, கடைசி நான்கையும் அழகாக எழுதிக்கொண்டு போனேன். அக்கா பார்த்தார்.

“இன்னா முதல் பட்டதாரி, பத்தும் இம்மாம் ஒத்துமையா கீது? அண்ணந்தம்பிங்ககூட இப்டி இருக்க மாட்டாங்களே.”

அடித்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தேன்.

“ஏழாவது இன்னா வந்துச்சு?”

“…தொண்ணூத்தி ஒண்ணு.”

“அத்த எழுது. அது ஒன் கை. மத்ததெல்லாம் விடையோட கை.” சொல்லிவிட்டு பிப்பெட்டை வாங்கி என் கையில் சரியாக வைத்தார். “அமுக்கும்போது முதல் தடை வரைக்கும் போ. தண்ணில வெச்சப்புறம் சட்டுனு வுடாத, மூச்சு வுடற மாதிரி வுடு. சட்டுனு வுட்டா காத்து ஏறும்.”

திரும்பச் செய்த பத்தும் தொண்ணூற்றெட்டுக்கும் நூற்றொன்றுக்கும் நடுவே வந்தன. பழைய தாளைக் கிழிக்கப் போனேன். கிழிக்க விடவில்லை. இரண்டையும் நோட்டில் அடுத்தடுத்து ஒட்டச் சொன்னார். என் வாழ்க்கையில் நான் ஒட்டிய முதல் அசிங்கமான தாள் அது.

மேற்படிப்பு பற்றிக் கேட்டால் அவருடைய பதில்கள் வேறு தினுசாக இருக்கும். “வெப்சைட்ட பாத்துகினு ஒக்காராத. அங்கேர்ந்து பாதில வெளிய வந்தவங்க யாருன்னு தேடிப் புடிச்சுக் கேளு. உள்ள கீறவங்க நல்லாதான் சொல்லுவாங்க. அவுங்களுக்கு இன்னும் கையெழுத்து வாங்கணுமில்ல?” இன்னொரு நாள்: “பேப்பர்ல ஒன் பேரு எத்தினாவது எடம்னு வேலய ஆரம்பிக்கும்போதே கேட்டுரு. முடிச்சப்புறம் கேட்டா அது சண்ட. முன்னாடி கேட்டா அது வெறும் கேள்வி.” இப்படிச் சொன்னவருடைய பெயர் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் வரவில்லையே என்று ஒருமுறை கேட்டேன். “நா முடிச்சப்புறம்தான் கேட்டேன்” என்றார்.

நான் அவரை வெறுத்த நாளும் உண்டு. சார் ஒருநாள் என் ஜெல் படத்தைப் பார்த்துவிட்டு, “உன்னை மாதிரி ஒரு கையை நான் பார்த்ததே இல்லம்மா. லெட்டர்ல இதை எழுதுறேன்” என்றார். நான் மிதந்துகொண்டு வந்து அக்காவிடம் சொன்னேன். அவர் பொதுக் கணினியில் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். சார் இதுவரை கொடுத்த கடிதங்கள். எல்லாம் ஒரே கடிதம். பெயர் மட்டும்தான் மாறியிருந்தது. ‘இவரைப் போன்ற கையை நான் கண்டதில்லை’ எல்லாவற்றிலும் இருந்தது. ஒரு பெண்ணுக்குக் கொடுத்ததில் அவசரத்தில் அவளை அவனாகவே விட்டிருந்தார்.

“எல்லாருக்கும் இதேன்னா, இது ஒன்னப் பத்தி இன்னா சொல்லுது?” என்றார். “ஒண்ணியும் சொல்லல. தண்ணி டியூப்பும் எரியுது.”

அன்று மதியம் நான் அவரோடு சாப்பிடவில்லை. ஒருவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்த பாராட்டைப் பக்கத்தில் நின்று சோதித்துப் பார்ப்பது என்ன குணம்? இன்றும் அந்த நாளை நினைத்தால் வலிக்கிறது. அவர் சொன்னது சரி என்பதும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

இனி பேனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடத்தில் ஒவ்வொரு அறையிலும் ஒரு மார்க்கர் பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார் அக்கா. அறை மாறிப் போகக் கூடாது என்பதற்காக. “பேங்க்ல கட்டி வெச்ச மாதிரி” என்று நான் கேலி செய்வேன். அந்தப் பேனாக்கள் தடிமனாக எழுதும். டியூப் மூடிமேல் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்க வேண்டும் எனக்கு. அதனால் செங்கல்பட்டில் ஒரு மெல்லிய மார்க்கர் வாங்கி, சடையின் வேரில் செருகிக்கொண்டு திரிந்தேன். அறைக்கு அறை கோட்டை மாற்றினேன், கையுறையை மாற்றினேன், செருப்பை மாற்றினேன். சடையை மாற்றவில்லை.

ஒருநாள் காலை பத்து மணிக்கு ஜெல் அறையில் விளக்கைப் போட்டேன். பெரிய ஹேச்சரி ஒன்றின் பன்னிரண்டு மாதிரிகள். நான்கில் மங்கலாகக் கோடு. கடைசி வரிசையில், இருட்டாக இருக்க வேண்டிய இடத்தில், தண்ணீரும் மங்கலாக எரிந்தது.

வெளியே ஹேச்சரியின் வேன் நின்றது. எப்போதும் போல நல்ல தாள்தான் வரும் என்று நம்பி, குஞ்சுகளை ஆக்ஸிஜன் பைகளில் கட்டி ஏற்றியே வந்துவிட்டார்கள். சார் உள்ளே வந்து பார்த்தார்.

“தண்ணியே எரியுதுன்னா அந்த நாலும் வெறும் அழுக்குதானேம்மா? அப்ப எல்லாமே நெகடிவ். இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்தக் கடைசி லேனை விட்டுட்டு போட்டோவை வெட்டு. வெளிச்சத்தைக் கொஞ்சம் குறை. ரிப்போர்ட்ல சைன் பண்ணு.” வாசல்வரை போனவர் திரும்பினார். “வெள்ளிக்கிழமைதானே உன் பிஎச்டி அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள்? சாயங்காலம் லெட்டரை வாங்கிக்கோ.”

அவர் கெட்டவர் அல்லர். அப்படிச் செய்வது கெட்டது என்றே அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விடை வரவில்லை, வரவைத்துவிட்டார்.

அறிக்கையில் இரண்டு கையெழுத்துகள் வேண்டும். செய்தவர் மேலே, சரிபார்த்தவர் கீழே. மேலே என் பெயர், கீழே அக்காவுடையது. நான் அக்காவைப் பார்த்தேன்.

“என்னப் பாக்காத,” என்றார். “செஞ்சது நீ. நீ போட்டாதான் நா போடறதா வேணாவான்ற கேள்வியே வரும்.”

இவ்வளவு நாள் வாய் ஓயாமல் தண்ணீர் டியூபுக்காகச் சண்டை போட்டவர், அன்று எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் கோபமாக வந்தது. உண்மையைச் சொல்கிறேன், பேனாவை எடுத்துத் தாளில் வைத்தேன். என் பெயரின் முதல் எழுத்தைக்கூட எழுதிவிட்டேன். அப்போது அந்தப் பழைய தாள் கண்ணுக்குள் வந்தது. தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு நான் கற்பனையாக எழுதிய நான்கு எடைகள். இங்கேயும் நான்கு. அங்கே தண்ணீரின் எடை, யாருக்கும் நட்டமில்லை. இங்கே வேனில் ஏறியிருப்பது ஒருவருடைய குட்டை.

“சார், நா மறுபடி ரன் பண்றேன்.”

“அவ சொல்லிக்கொடுத்தாளா?”

“இல்ல சார். அக்கா ஒண்ணும் சொல்லல.”

அது நிஜம். அதனால்தான் தைரியமாகச் சொல்ல முடிந்தது.

வேன்காரர்கள் கத்தினார்கள். “குஞ்சு தாங்காது மேடம், இன்னா பேஜாரா கீது!” அக்கா வாசலில் நின்று, “அப்ப திருப்பி எட்த்துனு போய்த் தொட்டில வுடு. பை கட்டச் சொல்லி நாங்களா சொன்னோம்?” என்று கதவைச் சாத்தினார். அதுவரை அமைதியாக இருந்தவர் சுழல ஆரம்பித்தார். மேசைகளை பிளீச்சிங் போட்டுத் துடைத்தோம். உடைக்காத புது மருந்துப் பெட்டியை எடுத்தோம். பெட்டிக்கடையில் ஒரு புது மார்க்கர் வாங்கிவரச் செய்து, டியூப்களில் அதால் எழுதினோம்.

“ஓட்டறதும் நீதான்,” என்றார். “கூடவே திருடன் யாருன்னு பாத்துருவோம்.”

ஈரப் பஞ்சுக் குச்சிகளை எடுத்து அறைகளில் இருந்த பொருள்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கதவுப் பிடி, ஃபிரிட்ஜ் பிடி, சுவிட்ச், இரண்டு பிப்பெட்டுகள். பிறகு தன் வளையல்களைக் கழற்றித் துடைத்தார். தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். தன் மேல்தான் அவருக்கு முதல் சந்தேகம். கடைசியாக என் தலையைப் பார்த்தார். கையை நீட்டினார். சடையிலிருந்து பேனாவை உருவிக் கொடுத்தேன்.

மூன்றரை மணி நேரம். பன்னிரண்டு குஞ்சு மாதிரிகள், எட்டுப் பஞ்சுக் குச்சிகள், ஒரு தண்ணீர். ஜெல் அறையில் நாங்கள் மூவரும் நின்றோம். விளக்கு எரிந்தது.

தண்ணீர் இருட்டு. பன்னிரண்டும் இருட்டு. கதவுப் பிடி, வளையல், கண்ணாடி எல்லாம் இருட்டு. எட்டாவது குச்சி மட்டும் டியூப்லைட் மாதிரி எரிந்தது. என் பேனா.

“காலைலயே நான் என்ன சொன்னேன்?” என்றார் சார். “எல்லாம் நெகடிவ்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க சார்,” என்றார் அக்கா. “ஆனா காலைல அது உங்களுக்குத் தெரியாது.”

சார் வெளியே போனார். அந்த நான்கு குஞ்சுகளிலாவது நோய் இருந்திருந்தால் நான் ஒரு குட்டையைக் காப்பாற்றியவள். இப்போது நான் யார்? முத்து முத்தான கையெழுத்துக்காக ஒரு கூடத்தையே அழுக்காக்கிவிட்டு, ஒரு நாளை வீணடித்துவிட்டு, சார் சொன்ன அதே பதிலுக்கு வந்து நின்றவள்.

“பேனாவ பதிவேட்டுல எழுதாத,” என்று சார் வெளியிலிருந்தே குரல் கொடுத்தார். “ஆடிட்டுக்கு வர்றவங்க பார்ப்பாங்க.”

அக்கா பதிவேட்டை என் முன்னால் வைத்தார். “தப்பு பண்ணது பேனா,” என்றார். “எழுதாம வுட்டா அப்ப நீ.”

எழுதினேன். எந்தப் பேனா, யாருடையது, எங்கே செருகியிருந்தது, எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போனது, எல்லாம். முதல் படத்தை வெட்டாமல், எரிகிற தண்ணீரோடு ஒட்டினேன். கீழே முழுப் பெயரும் போட்டேன். அதற்குக் கீழே, ஒரு நொடிகூட யோசிக்காமல், அக்கா கையெழுத்துப் போட்டார். நான் போட்டு, அவர் கேள்வி கேட்காமல் போட்ட முதல் கையெழுத்து அது. ஆறு மாதத்தில் அவர் வாயை அடைப்பதாகப் போட்ட சபதம் அப்படித்தான் நிறைவேறியது.

கடிதம் கிடைக்கவில்லை. “பதிவேட்டுல அதை எழுதினவளைப் பத்தி நான் என்னன்னு எழுதுறது?” என்று சார் கேட்டார். வெள்ளிக்கிழமை போனது. அந்த ஹேச்சரி வேறு கூடத்துக்கு மாறியது. ஒப்பந்தம் முடிகிற மாதத்தில் அக்காவுக்குப் புதுப்பிப்பு வரவில்லை. அவர் சண்டை போடவில்லை. நூலில் கட்டியிருந்த மூன்று பேனாக்களையும் அவிழ்த்து, இவை என் காசில் வாங்கியவை என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு, அச்சரப்பாக்கம் பஸ் ஏறினார். இப்போது அங்கே ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் பரிசோதனை வேலை. அங்கேயும் பாலே இல்லாத ஒரு டியூபை வைக்கிறாராம். ஏன் வீணாக்குகிறீர்கள் என்று அங்கேயும் கேட்கிறார்களாம்.

நானும் விலகி, ஊரப்பாக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தேன். அப்பாவால் இதை ஏற்கவே முடியவில்லை. “ஒரு பொம்பள பேச்ச கேட்டு லெட்டர வுட்டுட்டு வந்துகீறியே, அவ யாருமா ஒனக்கு?” என்று கேட்டார். நான் சொன்னேன், “அவுங்க ஒண்ணும் பேசலப்பா. அதான் விஷயம்.” அப்பாவுக்குப் புரியவில்லை. ஆனால் மறுநாள் ஆட்டோவில் யாரிடமோ, “எம் பொண்ணு கையெழுத்து போட மாட்டேன்னுட்டா தெரியுமா, எம்மாம் பெரிய ஆளுகிட்ட!” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனதைப் பின் இருக்கையிலிருந்து கேட்டேன்.

இந்த வருடம் மறுபடியும் விண்ணப்பம். உங்கள் வேலையை நேரில் அறிந்த இருவரின் பெயரையும் பதவியையும் குறிப்பிடுக என்று ஒரு கட்டம். எல்லோரும் இரண்டு பேராசிரியர்களைப் போடுவார்கள். எனக்குக் கல்லூரி ஆசிரியை ஒருவர் இருக்கிறார். இரண்டாவது கட்டம் காலி. கூட வேலை பார்க்கும் தோழி, “யாராவது ஒரு டாக்டர் பேரைப் போடு. பெரிய பேரு இல்லன்னா கூப்பிடவே மாட்டாங்க” என்றாள்.

போன வாரம் அக்காவுக்குப் போன் செய்தேன். உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன். மறுமுனையில் பால் கேன்கள் உருளும் சத்தம் கேட்டது.

“நா எழுதுனா நல்லது மட்டும் எழுத மாட்டேன். பேனாவயும் எழுதுவேன்.”

“அதுக்குத்தான்க்கா கேக்கறேன்.”

“தொண்ணூத்தி ஒண்ணயும் எழுதுவேன்.”

“எழுதுங்க.”

“என்னப் பத்தி ஏதோ எழுதறேன், கத எழுதறேன்னு சொன்னியே, அதுல எம் பேர போடாத. கதைல போட்டா விளம்பரம். ஃபாரத்துல போடு. அங்க போடறதுக்கு ஒரு காரணம் கீது.”

அவர் சொன்னபடியே இங்கே அவர் பெயரை எழுதவில்லை. இன்று காலை, வேலைக்குக் கிளம்பும் முன்பு, அந்த இரண்டாவது கட்டத்தில் முழுப் பெயரையும் தட்டச்சு செய்தேன். பதவி என்ற இடத்தில், ‘பரிசோதகர், பால் குளிரூட்டும் நிலையம், அச்சரப்பாக்கம்’ என்று போட்டேன். இணைப்பாக, போனில் வைத்திருந்த, வெட்டாத அந்த முதல் ஜெல் படத்தைச் சேர்த்தேன். பன்னிரண்டு மாதிரிகளும், எரிகிற தண்ணீரும். பிறகு அனுப்பு என்பதை அழுத்திவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.